வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தல் 2019: தோல் தொழில் வட்டாரத்தின் வாக்குகளை வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

2019ஆம் ஆண்டின் பதினேழாவது மக்களவைப் பொதுத்தேர்தலில் வேலூர் தொகுதி தமிழகத்தின் பிற தொகுதிகளோடு வாக்களிக்கவில்லை. ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த வாக்குப்பதிவு ரத்து செய்யப்பட்டு, ஆகஸ்டு 5 அன்று புதிதாக நடத்தப்பட்டது. தி.மு.க. வேட்பாளர் 8,141 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்களின் முஸ்லிம் வாக்குகளே இவ்வெற்றியைத் தந்தன என்பது பரவலான விளக்கம். இவ்விளக்கம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மூன்று ஒப்பீடுகளின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. தோல் நகரங்கள் நிலையான ஒரு வாக்குத் தொகுப்பாகச் செயல்படவில்லை என்பதும், எந்த அவைக்கான தேர்தல், எந்தக் கூட்டணி, எந்தக் காலம் என்பவற்றைப் பொறுத்து அவற்றின் தெரிவு மாறியுள்ளது என்பதும் இதன் முடிவுகள். இவ்வட்டாரத்தின் தலையாய பொதுச்சிக்கலான பாலாற்று மாசு தேர்தல் களத்தை வகுக்கும் கோடாக உருப்பெறாததன் காரணங்களும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மக்களவைத் தேர்தல், தோல் தொழில், பாலாறு, கூட்டணி அரசியல், வாக்கு நடத்தை.

முன்னுரை

தேர்தல் முடிவு வெளியானதும் அதற்கொரு காரணம் தேடுவது இதழியல் வழக்கம். வேறுபாடு சிறிதாக இருக்கும்போது இத்தேடல் எளிதாகிறது. முடிவை மாற்றியிருக்கக்கூடிய ஏதேனும் ஒரு வாக்காளர் குழுவைச் சுட்டினால் விளக்கம் நிறைவுற்றதுபோலத் தோன்றும். 2019 ஆகஸ்டு 9 அன்று வேலூர் முடிவு வெளியானபோதும் இதுவே நிகழ்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் கிடைத்த முன்னிலையைக் கொண்டு 'சிறுபான்மையினர் வாக்கு தீர்மானித்தது' என்ற முடிவுக்குப் பலரும் வந்தனர்.

இக்கூற்றை முற்றிலும் தவறெனச் சொல்ல இயலாது. ஆயினும், அது விளக்க வேண்டியவற்றில் பெரும்பகுதியை விளக்காமல் விட்டுவிடுகிறது. அதே வாணியம்பாடி, சட்டமன்றத் தேர்தல்களில் அ.தி.மு.க. உறுப்பினர்களைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்த இடமாகும். அதே வேலூர் தொகுதியில் 2014ஆம் ஆண்டு முஸ்லிம் லீக்கைச் சேர்ந்த பதவியிலிருந்த உறுப்பினர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். சமூக அடையாளம் மட்டுமே காரணமாயின் இம்முடிவுகள் வந்திருக்க இயலாது. எனவே ஒரு தேர்தலைத் தனித்து நோக்காமல், ஏதேனும் ஒரு கூறை மாறாமல் வைத்து மற்றவற்றை ஒப்பிடும் முறையை இக்கட்டுரை கைக்கொள்கிறது.

1. தொகுதியும் தொழிலும்

2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்குப் பின் வேலூர் மக்களவைத் தொகுதியில் வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம் (தனி), குடியாத்தம் (தனி), வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியுள்ளன. இம்மறுவரையறையில் பேரணாம்பட்டு என்னும் தனித்தொகுதி மறைந்து ஆம்பூர் தொகுதி மீண்டும் உருவானது. பேரணாம்பட்டு நகரம் குடியாத்தம் தொகுதியோடு இணைந்தது.

பாலாற்றுப் படுகையின் தோல் தொழில் வட்டாரம் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீள்கிறது. இவற்றுள் இராணிப்பேட்டைப் பகுதி அரக்கோணம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. ஆகவே, வேலூர் தொகுதியைத் 'தோல் தொகுதி' என்று அழைப்பது ஓரளவே சரி. தோல் வட்டாரத்தின் ஒரு பகுதி அதற்கு வெளியே உள்ளது. தொகுதிக்குள்ளும் குடியாத்தத்தின் நெசவு, தீப்பெட்டி, பீடித் தொழில்கள், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம் பகுதிகளின் வேளாண்மை, வேலூர் நகரின் மருத்துவ, கல்வி நிறுவனங்கள் ஆகியவை தனித்தனிப் பொருளாதாரங்களாக இயங்குகின்றன.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட பழைய முறையிலிருந்து குரோமிய உப்புகளைப் பயன்படுத்தும் முறைக்கு இத்தொழில் மாறியது. அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மைய அரசு 1970களில் கட்டுப்படுத்தியபின், முடிவுற்ற தோல், காலணி, தோற்பொருள் உற்பத்தி வளர்ந்தது. ஆம்பூர் காலணி நகரமாயிற்று. பதனிடும் தொழிற்சாலைகளை நடத்துவோரில் முஸ்லிம் வணிகக் குடும்பத்தினர் கணிசமானோர். தொழிலாளருள் தலித் மக்களும், குறிப்பாகக் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களும், பெரும் எண்ணிக்கையில் உள்ளனர். ஆம்பூர், வாணியம்பாடி நகராட்சி எல்லைகளுக்குள் முஸ்லிம்கள் ஏறத்தாழப் பாதியளவினர். எனினும், அப்பெயர்களைக் கொண்ட சட்டமன்றத் தொகுதிகள் நகராட்சி எல்லையோடு நிற்பதில்லை. வாணியம்பாடித் தொகுதி ஆலங்காயம் வரை விரிந்த ஊர்ப்புறங்களையும் உள்ளடக்கியது. நகரின் மக்கள்தொகை விகிதத்தைத் தொகுதியின் விகிதமாகக் கொள்வது இவ்வட்டாரம் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி நேரும் வழுவாகும்.

2. ரத்தான தேர்தலும் புதிய தேர்தலும்

2019 மார்ச்சு இறுதியில் காட்பாடியில் தி.மு.க. பொருளாளர் துரைமுருகனின் இல்லத்திலும், அவருடைய மகனும் வேட்பாளருமான கதிர் ஆனந்தோடு தொடர்புடைய இடங்களிலும் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. அதையடுத்து ஒரு சிமெண்டுக் கிடங்கில் ஏறத்தாழ 11.5 கோடி ரூபாய் கைப்பற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இச்சோதனை அரசியல் உள்நோக்கம் கொண்டது எனத் தி.மு.க. தரப்பு மறுத்தது. தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள்கள் இருக்கையில், ஏப்ரல் 16 அன்று குடியரசுத் தலைவர் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தார். இதை எதிர்த்த மனுக்களைச் சென்னை உயர்நீதிமன்றம் மறுநாள் தள்ளுபடி செய்தது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளிலும் 2017இல் இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலிலும் இதுபோன்ற நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டு. பணப் பயன்பாட்டைக் காரணமாகக் கொண்டு மக்களவைத் தொகுதி ஒன்றின் தேர்தல் ரத்தானது இதுவே முதன்முறை.

ஆய்வு நோக்கில் முதன்மையான செய்தி பிறிதொன்று. மக்களவைத் தேர்தல் ரத்தானபோதும், அதே தொகுதிக்குள் அடங்கிய ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் ரத்தாகவில்லை. 2017இல் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதிகளுள் இவ்விரண்டும் அடங்கும். ஏப்ரல் 18 அன்று இவ்விரு தொகுதிகளின் மக்களும் சட்டமன்றத்துக்கு மட்டும் வாக்களித்தனர். மூன்றரை மாதங்களுக்குப் பின் அவர்களே மக்களவைக்கு வாக்களித்தனர். ஏறக்குறைய ஒரே வாக்காளர் தொகுதி இவ்வாறு குறுகிய இடைவெளியில் இருமுறை வெவ்வேறு அவைகளுக்கு வாக்களித்தது ஆய்வாளருக்கு அரிய வாய்ப்பாகும்.

ஆகஸ்டு 5 அன்று நடந்த வாக்குப்பதிவில் ஏறத்தாழ 14.3 லட்சம் வாக்காளரில் 71 விழுக்காட்டினருக்கு மேல் வாக்களித்தனர். கதிர் ஆனந்த் 4,85,340 வாக்குகளும், அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற புதிய நீதிக்கட்சித் தலைவர் ஏ.சி. சண்முகம் 4,77,199 வாக்குகளும், நாம் தமிழர் கட்சி வேட்பாளர் 26,995 வாக்குகளும் பெற்றனர். நோட்டாவுக்கு 9,417 வாக்குகள் விழுந்தன. ஆறு தொகுதிகளில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய மூன்றில் தி.மு.க.வும், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம் ஆகிய மூன்றில் அ.தி.மு.க. அணியும் முன்னிலை பெற்றன. வாணியம்பாடியில் மட்டும் தி.மு.க.வின் முன்னிலை 20 ஆயிரத்தைக் கடந்தது.

3. முதல் ஒப்பீடு: ஒரே வாக்காளர், இரு நாள்கள்

ஏப்ரல் இடைத்தேர்தலில் தி.மு.க. ஆம்பூரில் ஏறத்தாழ 38 ஆயிரம் வாக்குகள் வேறுபாட்டிலும், குடியாத்தத்தில் ஏறத்தாழ 28 ஆயிரம் வாக்குகள் வேறுபாட்டிலும் வென்றது. ஆகஸ்டில் ஆம்பூரில் அதன் முன்னிலை பெரிதும் சுருங்கியது. குடியாத்தத்தில் முன்னிலை எதிரணிக்குக் கைமாறியது.

இம்மாற்றத்தை அவை வேறுபாட்டால் மட்டும் விளக்கலாமா என்ற வினா இங்கு எழும். அண்டைத் தொகுதிகள் அதற்கு விடை தருகின்றன. ஏப்ரல் 18 அன்று மக்களவைக்கே வாக்களித்த அரக்கோணத்தில் தி.மு.க. 3,28,956 வாக்குகள் வேறுபாட்டிலும், திருவண்ணாமலையில் 3,04,187 வாக்குகள் வேறுபாட்டிலும் வென்றது. அன்றைய பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தின் பகுதிகளே இவ்விரண்டிலும் அடங்கியிருந்தன. ஒரே மாவட்டத்தில், ஒரே அவைக்கான தேர்தலில், ஏப்ரலில் மூன்று லட்சத்தைத் தாண்டிய வேறுபாடு ஆகஸ்டில் 8,141ஆக இருந்தது. வேட்பாளர் வேறுபாட்டுக்கு இடமளித்த பின்னும், காலத்தின் பங்கு இதில் பெரிது என்பது தெளிவு.

ஏப்ரலில் வாக்காளர்முன் இரண்டு பெரிய வினாக்கள் இருந்தன. மைய ஆட்சி யாருக்கு என்பது ஒன்று. சட்டமன்ற இடைத்தேர்தல்களின் வழியாக எடப்பாடி பழனிசாமி அரசு நிலைக்குமா என்பது மற்றொன்று. மே 23 அன்று இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது. பா.ஜ.க. 303 இடங்களில் வென்றது. அ.தி.மு.க. 22 இடைத்தேர்தல்களில் 9 இடங்களைப் பெற்று ஆட்சியைத் தக்கவைத்தது. ஆகவே ஆகஸ்டில் எஞ்சியிருந்தது ஓர் இடம் மட்டுமே. ஆட்சிமாற்றம் குறித்த அலை அடங்கியபின், வேட்பாளரின் உள்ளூர்ச் செல்வாக்கு, கட்சி அமைப்பின் வலிமை, மாநில அமைச்சர்களின் களப்பணி ஆகியவை எடை பெற்றன. இரு அணிகளும் தத்தம் மாநிலத் தலைவர்களை ஒரே தொகுதியில் குவித்தன. அ.ம.மு.க., மக்கள் நீதி மய்யம் ஆகியவை ஆகஸ்டுத் தேர்தலில் போட்டியிடவில்லை. அ.தி.மு.க.விலிருந்து பிரிந்த அ.ம.மு.க. விலகியது இரட்டை இலைக்குச் சாதகமாக இருந்திருக்கக்கூடும்.

4. இரண்டாம் ஒப்பீடு: ஒரே நகரம், இரு அவைகள்

வாணியம்பாடி சட்டமன்றத் தொகுதியில் 2006இல் தி.மு.க. அணியின் எச். அப்துல் பாசித் வென்றார். அதன்பின் 2011இல் கோவி. சம்பத்குமார், 2016இல் நிலோபர் கபீல், 2021இல் கோ. செந்தில்குமார் என மூன்று தேர்தல்களிலும் அ.தி.மு.க.வே வென்றது. 2019 ஆகஸ்டில் அத்தொகுதியின் உறுப்பினரான நிலோபர் கபீல் மாநிலத் தொழிலாளர் நலத்துறை அமைச்சராகவும் இருந்தார். அந்நிலையிலும் தி.மு.க.வுக்கு மிகப்பெரும் முன்னிலையைத் தந்தது வாணியம்பாடியே. ஆம்பூரில் 2011ஆம் ஆண்டு வென்றவர் அ.தி.மு.க. அணியில் நின்ற மனிதநேய மக்கள் கட்சியின் அஸ்லம் பாஷா. 2016இல் அங்கு அ.தி.மு.க. நேரடியாக வென்றது.

இவ்வரிசை இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, தோல் நகரங்களின் முஸ்லிம் வாக்காளர்கள் அ.தி.மு.க.வை விலக்கிவைத்தவர்கள் அல்லர். இரண்டாவது, மாநில அவைக்கும் மக்களவைக்கும் அவர்கள் வெவ்வேறு அளவுகோல்களைக் கொண்டிருந்தனர். நலத்திட்டம், உள்ளூர் வேட்பாளர், நகராட்சிப் பணிகள் ஆகியவை முதலதன் அளவுகோல்கள். குடியுரிமை, தனிச்சட்டம், மைய அரசின் தொழிற்கொள்கை ஆகியவை இரண்டாவதன் அளவுகோல்கள்.

2019இல் இரண்டாம் அளவுகோல் கூர்மையடைந்ததற்குக் குறிப்பான சூழல் உண்டு. ஜூலை 25 அன்று முத்தலாக் தடை மசோதா மக்களவையில் நிறைவேறியபோது அ.தி.மு.க.வின் ஒரே மக்களவை உறுப்பினர் அதை ஆதரித்துப் பேசினார். ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் அக்கட்சியினர் அதே மசோதாவை எதிர்த்துப் பேசி வெளிநடப்புச் செய்தனர். ஒரு வாரத்துக்குள் வெளிப்பட்ட இம்முரண், வேலூர்ப் பரப்புரையில் தி.மு.க.வுக்குக் கைகொடுத்தது. வாக்குப்பதிவு நாளான ஆகஸ்டு 5 அன்றே, மாநிலங்களவையில் அரசமைப்பின் 370ஆம் பிரிவு வழங்கிய சிறப்புநிலையை நீக்கும் தீர்மானம் வந்தது. அ.தி.மு.க. அதை ஆதரித்தது. மாநிலத்தின் பிற பகுதிகளுக்கு மைய ஆட்சி பற்றிய வினா மே மாதத்தோடு முடிந்திருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி மக்களில் ஒரு பகுதியினருக்கு அது ஜூலையில் மீண்டும் திறந்தது.

தொழில்சார்ந்த காரணங்களும் இதனோடு சேர்ந்தன. 2016 நவம்பரின் பணமதிப்பிழப்பு நடவடிக்கை, ரொக்கமாகக் கூலியும் கொள்முதலும் நடக்கும் சிறு பட்டறைகளையும் தோல் மண்டிகளையும் தாக்கியது. 2017 மே மாதம் கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை மைய அரசு வெளியிட்டது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மாட்டுத்தோல் வரத்தைச் சார்ந்த ஒரு வட்டாரத்தில் இவ்விதி உணவு, சமயம் பற்றிய விவாதமாக மட்டும் நிற்கவில்லை. அது மூலப்பொருள் பற்றிய விவாதமாகவும் ஆயிற்று. ஆகவே, இந்நகரங்களின் மக்களவை வாக்கைச் 'சமய வாக்கு' என ஒற்றைச் சொல்லில் அடக்குவது தொழிலின் கூற்றை மறைத்துவிடும்.

இவ்வொப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 2011, 2016 சட்டமன்றத் தேர்தல்களில் அ.தி.மு.க. பா.ஜ.க.வோடு கூட்டணி கொள்ளவில்லை. எனவே, அக்கூட்டணியே வேறுபாட்டின் காரணம் எனக் கருத இடமிருந்தது. ஆனால், 2021இல் கூட்டணி இருந்தபோதும் வாணியம்பாடியில் அ.தி.மு.க. குறைந்த வேறுபாட்டில் வென்றது. அதே தேர்தலில் ஆம்பூர் தி.மு.க.விடமே இருந்தது. கூட்டணி வாக்கைக் குறைக்கிறது, ஆயினும் அவை வேறுபாடு அதற்கப்பாலும் செயல்படுகிறது என்பதே இவற்றிலிருந்து பெறத்தகும் முடிவு. தோல் நகரங்கள் தமக்குள்ளும் ஒன்றுபோல் வாக்களிப்பதில்லை என்பதையும் இது காட்டுகிறது.

5. மூன்றாம் ஒப்பீடு: ஒரே வேட்பாளர், மூன்று தேர்தல்கள்

1984இல் அ.தி.மு.க. சார்பில் வேலூரில் வென்ற ஏ.சி. சண்முகம், 2014, 2019, 2024 ஆகிய மூன்று மக்களவைத் தேர்தல்களிலும் அங்குப் போட்டியிட்டார். 2014இலும் 2024இலும் தாமரைச் சின்னத்திலும், 2019இல் இரட்டை இலையிலும் நின்றார். வேட்பாளர் மாறாமல் கூட்டணி மட்டும் மாறிய இவ்வமைப்பு ஒப்பீட்டுக்கு ஏற்றது.

| ஆண்டு | தி.மு.க. அணி | அ.தி.மு.க. | ஏ.சி. சண்முகம் |
|---|---|---|---|
| 2014 | 2,05,896 | 3,83,719 | 3,24,326 (தாமரை) |
| 2019 | 4,85,340 | — | 4,77,199 (இரட்டை இலை) |
| 2024 | 5,68,692 | 1,17,682 | 3,52,990 (தாமரை) |

2014இல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க. அணியும் தனித்தனியே பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகை 7,08,045. இரண்டும் இணைந்த 2019இல் கிடைத்தது அதைவிட 2,30,846 வாக்குகள் குறைவு. 2014இல் தனித்து நின்ற காங்கிரஸ் 21,650 வாக்குகள் பெற்றது. அதையும் தி.மு.க. அணியோடு சேர்த்துக் கணக்கிட்டால், 2019இல் அவ்வணி 2,57,794 வாக்குகள் கூடுதலாகப் பெற்றுள்ளது. பா.ம.க., தே.மு.தி.க. ஆகியவை 2014இலும் 2019இலும் பா.ஜ.க. இருந்த அணியிலேயே இருந்தன. ஆகவே, கட்சிகளின் இடப்பெயர்ச்சியைவிட வாக்காளரின் இடப்பெயர்ச்சியே இதில் மிகுதி. ஒரு கட்சியின் வாக்கு அதன் தலைமை செல்லும் கூட்டணிக்கு அப்படியே செல்லும் என்ற கணக்கு இங்குப் பொருந்தவில்லை.

2024இன் எண்கள் இதைவிட நுட்பமானவை. அவ்வாண்டு கதிர் ஆனந்த் 2,15,702 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். 8,141 என்னும் வேறுபாடு ஐந்தாண்டுகளில் இரண்டு லட்சத்தைக் கடந்ததை மாபெரும் மனமாற்றமாகக் கருதத் தோன்றும். ஆனால், அ.தி.மு.க., பா.ஜ.க. இரண்டும் பிரிந்து நின்று பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகை 4,70,672. இது 2019இல் இணைந்து பெற்றதைவிட 6,527 மட்டுமே குறைவு. தி.மு.க. கூடுதலாகப் பெற்றது 83,352 வாக்குகள். வேறுபாட்டில் ஏற்பட்ட 2,07,561 வாக்கு உயர்வில் 1,17,682 வாக்குகள், அதாவது பாதிக்கு மேல், எதிரணியின் பிளவால் விளைந்தவை. 2019இல் எதிரணி பெற்ற வாக்கு வலிமை 2024இலும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தது. அது இரு சின்னங்களுக்கிடையே பங்கிடப்பட்டதே வேறுபாடு. வெற்றியின் அளவையும் ஆதரவின் அளவையும் ஒன்றாகக் கொள்ளலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

6. 'தீர்மானித்த வாக்கு' என்னும் கருத்தின் வழு

2019இல் வாணியம்பாடியின் முன்னிலை இல்லையேல் தி.மு.க. தோற்றிருக்கும் என்பது கணக்கின்படி சரியே. ஆனால், வேறுபாடு 8,141ஆக இருக்கையில் இத்தகைய கூற்றைப் பலவற்றுக்கும் பொருத்தலாம். நோட்டா வாக்குகள் வேறுபாட்டைவிட மிகுதி. நாம் தமிழர் கட்சியின் வாக்குகள் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அணைக்கட்டு, குடியாத்தம், கீழ்வைத்தினான்குப்பம் பகுதிகளில் தி.மு.க.வுக்கு வாக்களித்த பல்லாயிரம் பேர் விலகியிருந்தாலும் முடிவு மாறியிருக்கும். நெருக்கமான தேர்தலில் எந்தத் துண்டை எடுத்தாலும் அது தீர்மானித்த துண்டாகவே தோன்றும். அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து பெயரிடுவது எண்ணியல் முடிவன்று. அது எழுதுவோரின் தெரிவு.

மேலும், ஒரு பகுதியின் மொத்த வாக்கைக் கொண்டு அப்பகுதியில் வாழும் ஒரு குழுவினரின் வாக்கை உய்த்துணர்வது முறையியல் நோக்கில் இடருடையது. பேரணாம்பட்டு இதற்கு எடுத்துக்காட்டு. அதுவும் தோல் நகரம், அதிலும் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கின்றனர். ஆனால் அது அமைந்துள்ள குடியாத்தம் தொகுதி எதிரணிக்கு முன்னிலை தந்தது. தொகுதி அளவில் நோக்கினால் பேரணாம்பட்டின் வாக்கு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வாக்குச்சாவடிவாரியான எண்களைத் தரும் படிவம் 20ஐக் கொண்டு நகரச் சாவடிகளையும் ஊர்ப்புறச் சாவடிகளையும் பிரித்து நோக்கினால்தான் தோல் வட்டாரத்தின் வாக்கை அதன் உண்மையான எல்லைகளுக்குள் காண இயலும்.

நீண்டகால வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. வேலூரில் 1980இலும் 1989இலும் ஏ.கே.ஏ. அப்துல் சமது, 1991இல் அக்பர் பாஷா, 2004இல் கே.எம். காதர் மொகிதீன், 2009இல் எம். அப்துல் ரகுமான் என ஐந்து தேர்தல்களில் முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றுள்ளனர். 1998, 1999 தேர்தல்களில் பா.ம.க.வின் என்.டி. சண்முகம் வென்றார். 2009இல் 1,07,393 வாக்குகள் வேறுபாட்டில் வென்ற அப்துல் ரகுமானே 2014இல் மூன்றாமிடம் பெற்றார். ஐந்தாண்டுகளில் தொகுதியின் சமூக அமைப்பு மாறிவிடவில்லை. கூட்டணிகளே மாறின.

7. வாக்குச்சீட்டில் இடம்பெறாத ஆறு

தோல் வட்டாரத்தின் வாக்கை ஆராய்வோர் எதிர்கொள்ள வேண்டிய மற்றொரு வினா, பாலாற்றின் மாசு ஏன் தேர்தல் முடிவுகளில் தடம் பதிக்கவில்லை என்பது. 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே இழப்பை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்ற மதிப்பீட்டை அத்தீர்ப்பு பதிவு செய்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 547 தொழிற்சாலைகளிடமிருந்து ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க முடிவு செய்தது. 2025 ஜனவரி 30 அன்றும் இழப்பீட்டை உரியவர்களுக்கு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு நீண்ட ஒரு குறையாக இது நிற்கிறது.

இவ்வளவு பரவலான பாதிப்பு வாக்காக மாறாததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, இழந்தவரும் பெற்றவரும் தனித்தனி மக்களாக இல்லை. கிணற்று நீர் கெட்டு வேளாண்மையை இழந்த குடும்பத்தின் பெண்ணே ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் கூலி பெறுகிறாள். தொழிற்சாலையை மூடக் கோருவதும் அதைக் காக்கக் கோருவதும் அக்குடும்பத்துக்கு ஒருசேர இயலாது. இரண்டாவது, 1996க்குப் பின் இச்சிக்கல் நீதிமன்றத்துக்குச் சென்றுவிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம், அபராதம், இழப்பீடு எனத் தீர்வுகள் யாவும் ஆணைகளாக வந்தமையால், கட்சிகள் நிலைப்பாடு எடுக்கும் தேவையிலிருந்து தப்பின. மூன்றாவது, இரு அணிகளுக்கும் தொழில் முனைவோர், தொழிலாளர், உழவர் ஆகிய மூவரின் ஆதரவும் வேண்டியிருந்தது. மூவரையும் பிரிக்கும் சிக்கலை எழுப்பி வாக்கை இழக்க எவரும் முன்வரவில்லை. ஆந்திரப் பகுதியில் பாலாற்றின் குறுக்கே கட்டப்படும் தடுப்பணைகள் பற்றிப் பேசுவது எளிதாயிற்று. ஏனெனில், அங்கு எதிர்த்தரப்பு தொகுதிக்கு வெளியே உள்ளது.

நிர்வாகப் பிரிவினையும் இச்சிக்கலைச் சிதறச் செய்துள்ளது. வாக்குப்பதிவு முடிந்த பத்தாம் நாள், 2019 ஆகஸ்டு 15 அன்று, வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், மேல்விஷாரமும் இராணிப்பேட்டையும் புதிய இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் சென்றன. பேரணாம்பட்டு வேலூரில் எஞ்சியது. ஓர் ஆற்றின் கரையில் அமைந்த ஒரு தொழில், இன்று மூன்று மாவட்டங்களிலும் இரண்டு மக்களவைத் தொகுதிகளிலும் பரவிக்கிடக்கிறது. அதன் பாதிப்பு முழுமைக்கும் பொறுப்புக்கூறத்தக்க ஒரு தேர்தல் எல்லை இல்லை.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

2019இல் வேலூர் முடிவை நெருக்கமாக்கியதில் தேர்தலின் காலத்துக்குப் பெரும் பங்குண்டு. ஏப்ரலில் இருந்த ஆட்சி பற்றிய வினா ஆகஸ்டில் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு இல்லாமற்போனது.

தோல் நகரங்கள் மாநில அவைக்கும் மக்களவைக்கும் வேறுபட்ட அளவுகோல்களால் வாக்களித்துள்ளன. வாணியம்பாடியின் மூன்று சட்டமன்ற முடிவுகளும் 2019இன் மக்களவை வாக்கும் இதற்குச் சான்று.

கூட்டணிக் கட்சிகளின் முந்தைய வாக்குகளைக் கூட்டி அடுத்த முடிவைக் கணிக்கும் முறை 2019இல் பொய்த்தது. 2024இலோ எதிரணியின் மொத்த வாக்கு பெரிதும் குறையாமலே வெற்றி வேறுபாடு பன்மடங்கானது.

வாக்குகளின் வழியே மட்டும் ஒரு வட்டாரத்தின் வாழ்வை அறிய இயலாது. முஸ்லிம் வாக்கு, கூட்டணி வாக்கு, சாதி வாக்கு என எண்ணப்படுபவை கட்சிகள் வாக்காளர்முன் வைத்த தெரிவுகளுக்குள் விளைந்தவை. முன்வைக்கப்படாத தெரிவுக்கு வாக்கு எண்ணிக்கையில் இடமில்லை. இழப்பீட்டுப் பட்டியலில் இடம்பெற்ற 29,193 பேரும் ஆய்வாளர் கணக்கில் கொள்ள வேண்டியவர்கள். தேர்தல் எண்களோடு நீதிமன்ற ஆவணங்களையும் தொழிலாளர் வாழ்வையும் இணைத்து நோக்கும் ஆய்வுகளே இவ்வட்டாரத்தின் அரசியலை நிறைவாக விளக்க வல்லவை.